ஏரித்தரையில் இருபத்து நான்கு வேர்கள்

ஆவாரங்கொல்லை ஏரியில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் முதலில் தலைகாட்டுவது செருப்படைதான். சேறு இறுகி வெடிப்பு விடுவதற்குள் அது தரையோடு தரையாகப் படர்ந்து ஏரியின் பாதியை மூடிவிடும். சுருக்கம் விழுந்த சிறிய இலை. தொட்டால் சொரசொரக்கும். பூ வெள்ளை, குனிந்து பார்த்தால்தான் தெரியும். ஆடு அதில் வாய் வைப்பதில்லை. முழங்கால் வீங்கியவர்கள் இலையை அரைத்துச் சூடுகாட்டிப் பற்றுப் போடுவார்கள். அதைத் தவிர ஊரில் யாருக்கும் அந்தச் செடியோடு பேச்சு வார்த்தை கிடையாது.

கலைவாணிக்கு மட்டும் உண்டு. அவளுடைய அரை ஏக்கர் நிலம் ஏரியின் வாலை ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் பெருகும்போது நிலத்தின் கீழ்ப்பாதி முழுகும், வற்றும்போது வெளியே வரும். வெளியே வந்த ஈரத்தில் கேழ்வரகு நாற்று நடுவாள். நடுவதற்கு முன் செருப்படையைப் பிடுங்கியாக வேண்டும். ஆண்டுதோறும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, களைக்கொத்தால் நெம்பி நெம்பி அவள் பிடுங்கிய செருப்படையை வண்டியில் ஏற்றினால் பத்து வண்டி தேறும்.

புஷ்ரா முதன்முதலாக அங்கே வந்தது அப்படிப்பட்ட ஒரு காலையில்தான். வாணியம்பாடிப் பெண். மலை ஏரிகளில் வளரும் செடிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். திருப்பத்தூரில் பஸ் மாறி, புதூர்நாட்டில் இறங்கி, கலைவாணியின் கணவன் பிரகாஷ் ஓட்டும் ஜீப்பில் ஊர் வந்து சேர்ந்திருந்தாள். கறுப்பு புர்காவைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, ஒற்றைக் காலில் நின்றபடி ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"செருப்ப அவுத்துட்டு நடங்க மேடம். இல்லன்னா அது இங்கியே கெடந்துரும்" என்றாள் கலைவாணி.

புஷ்ரா சிரித்துக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்தாள். பிறகு கலைவாணி பிடுங்கிப் போட்டிருந்த குவியலைப் பார்த்து அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு இங்க இன்னா பேருக்கா?"

"செருப்படை."

"தேள்கொடுக்கு தெரியுமா? பூ வளைஞ்சு கொடுக்கு மாதிரி இருக்குமே. அப்புறம் கழுதைத்தும்பை. அதுங்களுக்கு எல்லாம் இது பங்காளி. ஒரே குடும்பம்." சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள். "ஒரு வருசச் செடி. விதை போட்டுட்டுச் செத்துப் போயிரும். அடுத்த வருசம் புதுசா முளைக்கும்."

"யார் சொன்னது?"

"புக்குல இருக்கு. ஒண்ணு ரெண்டு புக்குல மட்டும் பல வருசம் இருக்கும்னு போட்டிருக்காங்க. ஆனா தண்ணியில நாலஞ்சு மாசம் முழுகிக் கெடந்தா எப்படிக்கா உசுரோட இருக்கும்?"

கலைவாணி குவியலைக் கிளறி ஒரு செடியை எடுத்தாள். அதன் வேர் சுண்டுவிரல் தடிமன் இருந்தது. மேல் தோல் கறுத்து, கட்டையாகி, இரண்டு மூன்று இடத்தில் பழைய கிளை ஒடிந்த தழும்பு.

"தண்ணி எறங்கி இன்னியோட இருவது நாளு. இருவது நாள்ல இவ்ளோ மொத்தத்துக்கு வேர் வருமா? நீங்களே சொல்லுங்க."

புஷ்ரா அந்த வேரை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாயங்கால ஜீப்பில் போகும்போது அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

*

கலைவாணி பிறந்தது ஜமுனாமரத்தூர் பக்கம். அப்பா அர்ச்சுனன் புளி உலுக்கும் வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர். எட்டாவது வரை படிக்க வைத்தார். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே பொருள் அடிக்கோல். எதையாவது அளந்துகொண்டே இருப்பாள் என்று அம்மா குறைபட்டுக்கொள்வாள். பத்தொன்பது வயதில் பிரகாஷைக் கட்டிக்கொண்டு ஆவாரங்கொல்லைக்கு வந்தாள். வந்த அடுத்த வருடமே இருவரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள்.

ஆறு வருடம். முதல் வருடம் கலவைச் சட்டி சுமந்தாள். பிறகு அங்கிருந்த மேஸ்திரி, நூல் பிடிக்க ஆள் குறைந்த ஒரு நாளில் அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். மூலை பார்ப்பது, மட்டம் பிடிப்பது, அடித்த முளை பிடுங்கிப் போனால் இரண்டு நிலையான இடத்திலிருந்து கயிறு பிடித்து அதே புள்ளியைத் திரும்பக் கண்டுபிடிப்பது எல்லாம் அங்கே பார்த்துப் பார்த்து வந்ததுதான். ஆறாவது வருடம் சாரம் சரிந்து பிரகாஷின் தோள்பட்டை நொறுங்கியது. கம்பி வைத்துக் கட்டினார்கள். இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கைக்குழந்தை காவியாவோடு மூவரும் மலைக்கே திரும்பினார்கள். பிரகாஷ் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டான். நிலம் முழுவதும் கலைவாணியின் பொறுப்பானது. இதெல்லாம் நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காவியா இப்போது விடுதியில் தங்கிப் பத்தாவது படிக்கிறாள்.

பெங்களூரைப் பற்றிக் கலைவாணி அதிகம் பேசுவதில்லை. யாராவது ஊரில் வீடு கட்டினால் மட்டும் போய் நின்று பார்ப்பாள். மூலை கோணல் என்றால் சொல்லிவிடுவாள். அதனால் சிலருக்கு அவள்மேல் வருத்தம்.

*

இரண்டு வாரம் கழித்து புஷ்ரா மறுபடி வந்தாள். இந்த முறை செருப்பை ஜீப்பிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

"அக்கா, எங்க புரொபசர்கிட்ட வேரைக் காட்டினேன். நல்ல கேள்விதான், ஆனா கேள்வி மட்டும் போதாதுன்னு சொன்னாங்க. செடிக்கு அடையாளம் கட்டி, தண்ணிக்குள்ள விட்டு, வத்தினப்புறம் அதே செடியத் தோண்டிப் பாக்கணும்."

"பாத்துட்டா போச்சு."

"அதுதான் கஷ்டம். ஒரு வருசம் கழிச்சு அதே எடம்னு எப்படிச் சொல்றது? போன்ல எடத்தைப் பதிய வைக்கலாம். ஆனா அது மூணு மீட்டர், நாலு மீட்டர் தள்ளிக் காட்டும்."

கலைவாணி ஏரியை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு பக்கம் மதகின் கல்தூண். கரைமேல் ஒரு புளியமரம். இரண்டும் அவள் இந்த ஊருக்கு மருமகளாக வருவதற்கு முன்பிருந்தே அசையாமல் நிற்பவை.

"டேப் வெச்சிருக்கீங்களா?"

"ஐம்பது மீட்டர் டேப் இருக்கு."

"தூண்லேர்ந்து ஒரு அளவு, மரத்துலேர்ந்து ஒரு அளவு. ரெண்டியும் எழுதி வெச்சிக்குங்க. அடுத்த வருசம் அதே ரெண்டு அளவுக்குக் கயிறு பிடிச்சா ரெண்டும் முட்டுற எடம்தான் செடி. விரக்கடை தப்பாது."

அன்றும் மறுநாளும் இருபத்து நான்கு செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் தடித்த வேர். காலி பெயிண்ட் டப்பாவின் பிளாஸ்டிக் மூடியைச் சிறு சிறு துண்டாக வெட்டி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் எண் சுட்டு, சிவப்பு மின்கம்பியில் கோத்து, ஒவ்வொரு வேரின் கழுத்திலும் தளர்வாகக் கட்டினார்கள். அளவை புஷ்ரா எழுதினாள், கலைவாணியும் தனியாக ஒரு நோட்டில் எழுதினாள். காவியா பாதியில் விட்ட கணக்கு நோட்டு அது.

"எனக்கு ஒண்ணு வேணும்ல" என்றாள்.

மாலையில் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த பிரகாஷ் கரைமேல் நின்று பார்த்தான். "ஊரு உலகத்துல பொம்பளைங்க மாட்டுக்கு மணி கட்டுவாங்க. நீ களைக்கு நம்பர் கட்டினு கீற" என்றான். ஆனால் கடைசி நான்கு செடிக்கு டேப்பின் ஒரு முனையை அவன்தான் பிடித்தான்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்தது. ஐப்பசியில் ஏரி நிரம்பி மறுகால் போனது. மேட்டிலிருந்து செம்மண் கரைந்து ஓடைவழியே இறங்கி வந்து தண்ணீர் இரண்டு மாதம் டீ நிறத்தில் கிடந்தது. கரைமேல் போகும்போதெல்லாம் கலைவாணியின் கண் தண்ணீருக்குள் போகும். உள்ளே ஒன்றும் தெரியாது. தான் சொன்னது தப்பாகப் போய்விடுமோ என்ற நினைப்பு ஒருநாளும் அவளுக்கு வரவில்லை. சாகாது என்பதில் அவ்வளவு உறுதியாக இருந்தாள்.

புஷ்ராவுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை ரஹ்மான் ஆம்பூரில் தோல் கம்பெனியில் தர ஆய்வாளர். மாசி மாதம் ஏரி வற்றத் தொடங்கியபோது அவளுக்கு ஏழாவது மாதம். மலைப்பாதையில் பஸ்ஸில் வரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஊரில் வீட்டுக்குள் போன் எடுக்காது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் பாறைமேல் ஏறினால் எடுக்கும். அங்கே நின்று கலைவாணி பேசினாள்.

"அக்கா, இந்த வருசம் விட்டா எனக்கு வேற வருசம் இல்ல. தீசிஸ் குடுக்கணும்" என்றாள் புஷ்ரா.

"நீ எதுக்குப் பாப்பா வரணும்? நான் தோண்ட மாட்டனா?" மேடம் எப்போது பாப்பா ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"தண்ணி எறங்கி மூணு வாரம் விடுங்க. துளிர் வந்தாத்தான் உசுரு இருக்கா இல்லியான்னு தெளிவாத் தெரியும். அவசரப்பட்டுத் தோண்டிட்டா ஒண்ணும் சொல்ல முடியாது."

"சரி. மூணு வாரம்."

*

தண்ணீர் இறங்கிப் பதினேழாம் நாள் ஏரிக்கு மண் அள்ளும் எந்திரம் வந்தது. தூர் வார உத்தரவாகியிருந்தது. ஊருக்கே அதில் மகிழ்ச்சி. பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை அது. அள்ளும் வண்டலை அவரவர் நிலத்துக்கு அடித்துக்கொள்ளலாம். கலைவாணியின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அவள் ஓடிப்போனபோது எந்திரம் மதகுப் பக்கம் இறங்குவதற்குச் சரிவு பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டுநர் கோகுல்ராஜ் கணியம்பாடிக்காரன். வேலையை மேற்பார்த்துக்கொண்டு வார்டு உறுப்பினர் மங்கம்மாள் கரைமேல் குடை பிடித்து நின்றிருந்தாள்.

"அக்கா, இந்தப் பக்கம் ஆரம்பிக்காதீங்க. நாலு நாளு மட்டும்."

"ஏன், இன்னா கீது இங்க?"

"செருப்படைங்க. அடையாளம் கட்டி வெச்சிருக்கோம். வேலூரு, வாணியம்பாடின்னு படிக்கிறவங்க கேக்கறது."

மங்கம்மாள் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏ கலைவாணி, நீயே அந்தக் கருமத்தைப் பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு விட்டுப் போச்சுன்னு அழுவுற. இப்ப அதுக்காக ஏரி வேலைய நிறுத்தச் சொல்றியா? பத்து வருசம் அலைஞ்சு வாங்கினேன். வண்டி திரும்பிப் போனா மறுபடி வருமா?"

"நிறுத்தச் சொல்லலைங்க. எனக்கும் வண்டல் வேணும். ஓடை வாய்லேர்ந்து ஆரம்பிச்சு இப்படி வாங்க. அங்கதான் மண்ணு ஒசரமா மேவிக் கீது. எப்டியும் அள்ளப்போற எடம்தானே. இங்க வர்றதுக்கு நாலு நாளு ஆவும். அதுக்குள்ள நான் முடிச்சிர்றேன்."

மங்கம்மாள் கோகுல்ராஜைப் பார்த்தாள். அவன் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க ஆரம்பிச்சாலும் எனக்கு ஒண்ணுதாங்க. அந்தப் பக்கம் நெழலு கீது" என்றான்.

"அஞ்சாம் நாள் காலைல இங்க பக்கெட்டு எறங்கும். அப்ப வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டங்க."

மூன்று வாரம் என்று சொன்னது நான்கு நாளில் முடியும். கணக்கு சரியாக இருந்தது. ஆனால் காத்திருந்துவிட்டுக் கடைசி நாளில் இருபத்து நான்கையும் தோண்ட முடியாது. மதகைவிட்டுத் தள்ளி, எந்திரம் முதலில் வரும் பக்கம் இருப்பவற்றை முதலிலும் மதகருகில் இருப்பவற்றைக் கடைசியிலும் வைத்துக்கொண்டாள். துளிர் முன்னால் வந்திருந்த இடங்களைத் தேடித் தேடி வேலையை வகுத்தாள்.

அந்த நான்கு நாளும் விடிந்ததும் ஏரியில் இறங்குவாள். தூணில் ஒரு கயிறு, மரத்தில் ஒரு கயிறு. இரண்டும் முட்டும் புள்ளியில் ஒரு குச்சி நடுவாள். பிறகு களைக்கொத்தால் மேல் மண்ணைச் சுரண்டி, உள்ளே போகப் போகச் சாப்பாட்டுக் கரண்டியால் கிளறுவாள். பச்சையாக மேலே தெரிந்த செடிகளைப் பார்த்து முதல் நாள் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. எல்லா இடத்திலும் செருப்படை. ஆனால் தோண்டினால் நூல் மாதிரி வெள்ளை வேர். விதையிலிருந்து புதிதாக வந்தது. அதற்குக் கீழே, நாலு விரல், எட்டு விரல் ஆழத்தில், சிவப்புக் கம்பி. கம்பிக்குள் கறுத்து நசநசத்துப்போன பழைய வேர். விரலால் அழுத்தினால் தோல் மட்டும் கையோடு வந்தது.

முதல் நாள் தோண்டிய ஆறில் நான்கு கிடைத்தன. நான்கும் செத்தவை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து களைக்கொத்தைக்கூடக் கழுவாமல் மூலையில் சாத்தினாள். பிரகாஷ் சோறு போட்டுக்கொடுத்தான்.

"இன்னாச்சு?"

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி போல. நான் சும்மா வாய வுட்டுட்டேன்."

"இன்னும் பதினெட்டு கீதே."

"கீது."

இரண்டாம் நாளும் அதேதான். கிடைத்ததெல்லாம் அழுகல். ஒவ்வொன்றுக்கும் நேராக நோட்டில் 'செத்தது' என்று எழுதினாள். பக்கத்தில், எத்தனை விரல் தோண்டிய பிறகு கம்பி தென்பட்டது என்பதையும் எழுதினாள். அதை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. கட்டட வேலையில் அஸ்திவாரம் தோண்டினால் ஆழத்தை எழுதுவார்கள், அந்தப் பழக்கம்.

மூன்றாம் நாள் மதகுக்குப் பக்கத்தில், கல் பாவிய சரிவின் ஓரத்தில் பத்தொன்பதாம் எண்ணைத் தோண்டினாள். இரண்டு விரல் சுரண்டியதுமே சிவப்பு தெரிந்தது. கம்பிக்குள் வேர் கெட்டியாக இருந்தது. கரண்டியின் நுனியால் லேசாகக் கீறிப் பார்த்தாள். உள்ளே வெளுப்பும் ஈரமும். வேரின் தலையிலிருந்து மூன்று துளிர் கிளம்பி வெளியே போய்ப் படர்ந்திருந்தது. கலைவாணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எழுதுவதற்கு முன் அதைப் போனில் நான்கு பக்கமும் படம் பிடித்தாள்.

அந்தச் சரிவிலேயே இன்னும் மூன்று கிடைத்தன. உயிருள்ளவை மொத்தம் நான்கு.

பதினேழாம் எண்தான் சங்கடம் செய்தது. எண் சுட்ட துண்டு கம்பியோடு கழன்று, ஒரு நல்ல வேருக்கும் ஓர் அழுகிய கட்டைக்கும் நடுவில் கிடந்தது. இரண்டில் எதன் கழுத்தில் கட்டியது என்று தெரியவில்லை. கடைசி நாள் என்பதால் பிரகாஷ் ஜீப்பை விட்டுவிட்டு உதவிக்கு வந்திருந்தான்.

"நல்ல வேருன்னு எழுதிக்கோ. அஞ்சாவும்."

"எப்டித் தெரியும் ஒனக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? ஒனக்கு அதுதான வேணும்?"

அவள் மறுபடி இரண்டு கயிற்றையும் பிடித்துப் பார்த்தாள். புள்ளி இரண்டுக்கும் நட்டநடுவில் விழுந்தது. நோட்டில் 'பதினேழு: தெரியல' என்று எழுதினாள். எட்டுச் செடிகள் எவ்வளவு தோண்டியும் கிடைக்கவே இல்லை. அவற்றுக்கு நேரே கோடு போட்டாள்.

சாயங்காலம் பாறைமேல் ஏறி எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். நாலு உசுரு, பதினொண்ணு செத்தது, ஒண்ணு தெரியல, எட்டு காணல. மறுமுனையில் புஷ்ரா எழுதிக்கொள்வது கேட்டது.

"நான் சொன்னது பெரும்பாலும் தப்புதான் பாப்பா."

"நான் சொன்னதும் தப்புக்கா. ஒண்ணு கூட இருக்காதுன்னு சொன்னேன். நாலு இருக்கே." பிறகு, "அந்தப் பதினேழ நீங்க உசுருன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"எனக்குத் தெரியும்ல."

மறுநாள் காலை கோகுல்ராஜின் எந்திரம் மதகுப் பக்கம் வந்தது. கலைவாணி கூடையோடு வரிசையில் நின்று வண்டல் அடித்துக்கொண்டாள்.

*

புஷ்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தீசிஸ் எழுதி முடிக்க மேலும் ஒன்றரை வருடம் பிடித்தது. வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று சொல்லிக் கலைவாணியை வரச்சொன்னாள். பிரகாஷ் திருப்பத்தூர் வரை கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டான்.

கல்லூரி அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். கலைவாணி கடைசி வரிசையில், புஷ்ராவின் அம்மா கனீஸ் ஃபாத்திமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளின் மடியில் குழந்தை தூங்கியது. பேச்சு எல்லாம் இங்கிலீஷ். கலைவாணிக்கு அங்கங்கே ஒரு சொல்தான் பிடிபட்டது. ஆனால் திரையில் ஆவாரங்கொல்லை ஏரி வந்தது. தூணும் புளியமரமும் வந்தன. சிவப்புக் கம்பிக்குள் பத்தொன்பதாம் எண் வந்தது. தான் கரண்டியால் கீறிய கீறல்கூட அதில் தெரிந்தது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஓர் அம்மாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நிறையக் கேட்டார். புஷ்ரா தயங்காமல் பதில் சொன்னாள். கடைசியில் நாலு உயிர், பதினொன்று செத்தது என்ற கணக்கு திரையில் வந்தபோது தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். புஷ்ரா பதில் தொடங்கி நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"மேடம், தோண்டினவங்க இங்கயே இருக்காங்க. அவங்களைக் கேக்கலாமா?" என்று தமிழில் சொன்னாள்.

அரங்கத்தில் தலைகள் திரும்பின. தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "கேக்கலாமே. எழுந்து நிக்க வேணாம்மா, உக்காந்தே சொல்லுங்க. ஒரே ஏரி, ஒரே தண்ணி. நாலு பொழைச்சது, மத்தது ஏன் செத்துது? உங்களுக்கு என்ன தோணுது?" என்றார்.

கலைவாணி எழுந்துவிட்டாள். உட்கார்ந்து பதில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"தண்ணி சாவடிக்கலைங்க. சேறுதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"பொழைச்ச நாலும் மதகுச் சரிவுல கீது. அங்க தண்ணி இழுப்பு இருக்கறதால வண்டல் தங்காது. ஒரு விரலு, ரெண்டு விரலு, மிஞ்சினா மூணு விரலு தோண்டினதும் கம்பி தெரிஞ்சுது. செத்ததுக்கு எல்லாம் நாலு விரலு, இல்லன்னா அதுக்கும் மேல. ஒண்ணு பதிமூணு விரல் ஆழத்துல இருந்துச்சு. மேல அவ்ளோ மண்ணு ஒக்காந்துட்டா துளிர் எப்டிங்க வெளிய வரும்?" கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணு மட்டும் ஒத்து வரலைங்க. அஞ்சாம் நம்பரு. அதுக்கு மேல மூணு விரல்தான் மண்ணு. ஆனா செத்துப்போச்சு. அது ஏன்னு எனக்குத் தெரியல."

தேர்வாளர் தீசிஸின் பக்கங்களைப் புரட்டினார். "ஆழம் அளந்தது இதுல எங்கயும் இல்லியே."

"நோட்டுல எழுதிக் கீதுங்க."

கொண்டுவந்திருந்தாள். பையில் காவியாவின் பழைய கணக்கு நோட்டு இருந்தது. அது முன்வரிசைக்குக் கை மாறிக் கை மாறிப் போனது. தேர்வாளர் அதை நெடுநேரம் படித்தார். பிறகு கலைவாணியை முன்னால் அழைத்து, அவளுடைய நடுவிரலை மேசையில் வைக்கச் சொல்லி, ஒரு அடிக்கோலை எடுத்து அதன் அகலத்தை அளந்தார். களை எடுத்துக் காய்த்துப்போன விரல்.

"ஒண்ணே முக்கால் சென்டிமீட்டர்" என்றார் அரங்கத்தைப் பார்த்து. பிறகு புஷ்ராவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குரலில் கோபமில்லை. ஆனால் புஷ்ராவின் முகம் சிவந்துவிட்டது.

பட்டம் கிடைத்தது. ஒரு திருத்தம் மட்டும் செய்யச் சொன்னார்கள். ஆழத்துக்கு ஒரு பத்தி சேர்க்க வேண்டும்.

வெளியே டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு புஷ்ரா கலைவாணியைத் தனியே அழைத்துப் போனாள். மாடிப்படிக்குக் கீழே நின்றார்கள்.

"அக்கா, நீங்க போன்ல படிச்சுக் காட்டும்போதே விரல் கணக்கும் சொன்னீங்க. நான் எழுதிக்கிட்டேன். அப்புறம் எடுத்துட்டேன். விரல்னு எழுதினா சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

கலைவாணிக்குக் கொஞ்சம் வலித்தது. அந்த நான்கு நாளும் முழங்கால் சேற்றில் பதிய உட்கார்ந்து எழுதியது அது. டீயைக் குடித்து முடித்தாள்.

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தீன்னா அடிக்கோல் வெச்சி அளந்து சொல்லிருப்பேன்."

"கேட்டிருக்கணும்" என்றாள் புஷ்ரா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைக் கலைவாணி கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள். கனீஸ் ஃபாத்திமா வந்து, மழை வருவதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மறுக்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

மழைக்காலம் முடிந்து, ஒருநாள் பிரகாஷ் ஜீப்பில் வரும்போதே, வாணியம்பாடிப் பொண்ணு போன் பண்ணிச்சு, பேசணுமாம் என்று சொல்லிவிட்டுப் போனான். கலைவாணி பாறைமேல் ஏறினாள். எதிர்ச்சரிவில் சாமை முற்றி நின்றது.

"அக்கா, ஏரி வேலைய ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையா அனுப்பறேன். எழுதினவங்க பேரு ரெண்டு. நானும் நீங்களும்."

"நான் எங்க எழுதினேன்?"

"கயிறு உங்களது. ஆழம் உங்களது. சேறுன்னு சொன்னதும் நீங்க. பேரு போடாம நான் அனுப்ப மாட்டேன். எங்க புரொபசரும் சரின்னுட்டாங்க. இன்ஷியல் இன்னா போடட்டும்?"

ஆதாரில் கணவன் பெயர் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர். எட்டாவதுக்குப் பிறகு அவளுடைய இன்ஷியலை யாரும் கேட்டதில்லை.

"அ போடு. அ. கலைவாணி. எங்கப்பா பேரு அர்ச்சுனன்."

"பேருக்குக் கீழ எந்தக் காலேஜுன்னு ஒரு வரி கேக்கறாங்க."

"காலேஜா?"

"காலேஜ் இல்லன்னா ஊரு போடலாம். அதுல தப்பில்ல."

"அப்ப ஆவாரங்கொல்லை, புதூர்நாடு வழின்னு போடு."

"பின்கோடு?"

அது அவளுக்கு மனப்பாடம் இல்லை. கீழே தபால்காரர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இரு பாப்பா, வச்சிராத. கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடியே பாறையிலிருந்து இறங்கத் தொடங்கினாள்.